படிவம் கேட்கும் குடும்பக் கணக்கு: ஜெர்மனியின் மாணவர் கடனுதவியும் தமிழ்க் குடும்பங்களும்

ஜெர்மனியில் உயர்கல்வி பயில்வோருக்கு அரசு வழங்கும் நிதியுதவியைப் பேச்சு வழக்கில் 'பாஃபெக்' என்பர். 1971 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி ஊக்குவிப்புச் சட்டத்தின் நீண்ட ஜெர்மன் பெயரிலிருந்து பிறந்த இச்சுருக்கம், அச்சட்டத்தையும், அதன்படி மாதந்தோறும் மாணவரின் வங்கிக் கணக்கில் வந்து சேரும் பணத்தையும் ஒருங்கே குறிக்கும். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் பெருந்தொகையாக இந்நாட்டிற்கு வந்து, உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்திய ஈழத்தமிழரின் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் கால்வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து, இவ்விண்ணப்பத்தை நிரப்ப உதவுவது மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சமூக ஆலோசகர்களுக்கும் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. அப்பணியில் நெடுங்காலம் ஈடுபட்டோர் ஒருமனதாக உணர்ந்துள்ள செய்தி ஒன்று உண்டு: பிறந்தது முதல் ஜெர்மன் மொழியிலேயே படித்த பிள்ளைக்குப் படிவத்தின் மொழி தடையாவதில்லை, அப்படிவம் எதற்காகக் குடும்பத்தின் வரவு, சேமிப்பு, சொத்து, உறவு ஆகிய அனைத்தையும் வரிசையாகக் கேட்கிறது என்பது வீட்டில் எவருக்கும் விளங்காததே விண்ணப்பத்தைக் கெடுக்கிறது.

அதற்கான விடை சட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் தொழிற்கல்விச் செலவைப் பெற்றோர் ஏற்க வேண்டும் என்பது ஜெர்மன் குடியியல் சட்டம் விதிக்கும் பராமரிப்புக் கடமை. பதினெட்டு வயது நிறைந்ததும் அக்கடமை அற்றுப்போவதில்லை. பெற்றோரால் எந்த அளவுக்கு இயலாதோ அந்த அளவுக்கு மட்டுமே அரசு துணைநிற்கும். ஆகவே 'படிவம் 1' எனப்படும் முதன்மை விண்ணப்பத்தில் மாணவர் தம் கல்வி வரலாற்றையும் சொத்தையும் தெரிவிக்க, 'படிவம் 3' எனப்படும் வருமான அறிக்கையைத் தாயும் தந்தையும் தனித்தனியே நிரப்பிக் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. இதனை அரசாங்கம் குடும்பத்தின் மீது கொள்ளும் ஐயமாகக் கருதும் தந்தைமார் பலர். எங்கே, யாரிடம், எந்த வேலை என்று அகதி விசாரணைகளில் ஆண்டுக்கணக்காக விடைசொல்லிக் களைத்த தலைமுறை அது என்பதால், அந்த மனநிலையை எளிதில் குறைகூற இயலாது. கடமையின் அளவைக் கணக்கிடவே இக்கேள்விகள் என்று அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துரைப்பதே ஆலோசகரின் முதல் வேலை; படிவத்தின் கட்டங்களை நிரப்புவது அதற்குப் பிறகுதான்.

அடுத்த தடை கடன் மீதான அச்சம். மகளின் படிப்புக்காக அரசிடம் கடன்பட்டு, அவள் கடனோடு வாழ்க்கையைத் தொடங்குவதா என்று கேட்கும் தாய், இரவுப் பணியில் மேலும் சில மணி நேரம் கூட்டிக்கொள்வதையே விரும்புகிறார். இந்த அச்சத்திற்கு வரலாற்று அடிப்படையும் இல்லாமல் இல்லை. வில்லி பிராண்ட் அரசு 1971 இல் இத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது உதவி முழுவதும் திருப்பித்தர வேண்டாத மானியமாகவே இருந்தது. 1974 முதல் அதில் ஒரு சிறு பகுதி கடனாயிற்று. ஹெல்முட் கோல் ஆட்சியில் 1983 முதல் மாணவர் உதவி முழுவதும் கடனாக மாற்றப்பட்டது. தமிழர் பெருமளவில் வந்திறங்கிய அதே ஆண்டுகளில் ஜெர்மன் மாணவர்கள் பல்லாயிரம் மார்க் கடனோடு பட்டம் பெற்று வெளியேறினர். வேலைத்தலத்திலும் அயலிலும் கேட்ட அந்தப் பேச்சு தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது போலும். 1990 இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன் என்று ஆன செய்தி அதே வேகத்தில் பரவவில்லை.

இன்றைய விதிகளின்படி கணக்கிட்டுக் காட்டுவதைவிட இந்த அச்சத்திற்கு வேறு மருந்தில்லை. 2024 இன் இறுதியில் நடைமுறையில் இருந்த அளவின்படி, பெற்றோரின் வீட்டைவிட்டு வெளியே தங்கிப் படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக்கு 475 யூரோ, வாடகைக்கு 380 யூரோ என்று மாதம் 855 யூரோ வரையும், தாமே மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்துவோருக்கு அதையும் சேர்த்து 992 யூரோ வரையும் கிடைக்கும். பெற்றோருடன் வசிப்பவருக்கு வாடகைப் பங்கு 59 யூரோ மட்டுமே என்பதால் மொத்தம் 534 யூரோ. ஆறு பருவங்கள் கொண்ட இளநிலைப் படிப்பின் 36 மாதங்களுக்கும் 855 யூரோ பெற்றவர் கையில் வந்திருக்கும் தொகை 30,780 யூரோ. அதில் கடன் எனப்படும் பாதி 15,390 யூரோ. ஆயினும் மாதம் 130 யூரோ வீதம் 77 தவணைகளுக்குமேல், அதாவது 10,010 யூரோவுக்குமேல், எவரும் திருப்பித்தர வேண்டியதில்லை என்பது சட்டம். எஞ்சிய 20,770 யூரோ நன்கொடையே. கடன் பகுதிக்கு வட்டி இல்லை, ஈடு இல்லை, பிணை நிற்கும் தந்தையின் கையொப்பமும் இல்லை. தமிழ்நாட்டில் கல்விக் கடன் என்றதும் வங்கி மேலாளரின் அறை, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடும் பெற்றோர், ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் ஈடாக வைக்கப்படும் வீட்டுப் பத்திரம் ஆகியவையே கண்முன் வரும். அந்த அனுபவத்தை மனத்திற்கொண்டு பாஃபெக்கை அளப்பது பெரும் பிழை. ஜெர்மனியிலேயே வங்கிக் கடனை ஒத்த திட்டம் வேறாக இருக்கிறது: அரசுக்குச் சொந்தமான மறுகட்டமைப்பு வங்கி மாதம் 650 யூரோ வரை வழங்கும் கல்விக் கடன் அது. அதன் வட்டி 2023 இல் 9 விழுக்காட்டை எட்டியது. பாஃபெக் விண்ணப்பத்திற்கு அஞ்சி நேரே இவ்வங்கியை நாடிய பிள்ளைகளைக் காணும்போது ஆலோசகருக்கு ஏற்படும் வேதனை சிறிதன்று.

'எங்கள் வருமானத்திற்குக் கிடைக்காது' என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வதும் இதே போன்ற இழப்பைத் தரும். பெற்றோரின் மொத்த வருமானத்திலிருந்து வரியும் சமூகக் காப்பீட்டுக்கான கழிவும் நீங்கிய பின் எஞ்சுவதே கணக்கிற்கு வரும். அதிலும் சேர்ந்து வாழும் தாய் தந்தைக்கு மாதம் 2,540 யூரோவும், பள்ளியில் படிக்கும் தம்பி தங்கை ஒவ்வொருவருக்கும் 770 யூரோவும் தொடாமல் விடப்படும். கழிவுகளுக்குப் பின் 3,500 யூரோ உள்ள, பள்ளி செல்லும் ஒரு தங்கையைக் கொண்ட குடும்பத்தில் மிகுவது 190 யூரோ மட்டுமே. அந்த மிகுதியிலும் பாதியும், அத்தங்கைக்காக மேலும் 5 விழுக்காடும் விலக்கப்பட, மாணவரின் உதவியிலிருந்து குறைவது ஏறத்தாழ 85 யூரோ. இருவரும் உழைத்துச் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் கணிசமான தொகை கிடைக்கும் என்பதை இக்கணக்கு காட்டும். உடன்பிறந்த இருவர் ஒரே காலத்தில் உதவிக்குரிய படிப்பில் இருந்தால், பெற்றோர் மீது சுமத்தப்படும் பங்கு இருவருக்கும் பிரிக்கப்படுவதால், மூத்தவருக்கு முன்பு மறுக்கப்பட்ட உதவி இளையவர் பல்கலைக்கழகம் புகும் ஆண்டில் கிடைக்கக்கூடும். ஒருமுறை மறுப்பு வந்ததும் அக்கோப்பையே மூடிவிடும் வழக்கம் இதனால் தவறாகிறது.

எந்த ஆண்டின் வருமானம் என்பதும் கவனிக்கத்தக்கது. உதவிக்காலம் தொடங்கும் ஆண்டிற்கு முந்தியதன் முந்திய ஆண்டு, அதாவது 2025 அக்டோபரில் தொடங்கும் படிப்பிற்கு 2023 ஆம் ஆண்டு, கணக்கில் எடுக்கப்படும். அதற்குச் சான்று வரி அலுவலகத்தின் முடிவுக் கடிதம். இடைப்பட்ட காலத்தில் உணவகம் மூடப்பட்டு வேலை போயிருந்தாலோ, முதுகுவலியால் தந்தை ஓய்வூதியத்திற்குச் சென்றிருந்தாலோ, 'படிவம் 7' என்னும் புதுப்பிப்பு விண்ணப்பத்தின் வழி நடப்பு வருமானத்தைக் கொண்டு கணக்கிடுமாறு கேட்கலாம். அந்த உதவிக்காலம் முடிவதற்குள் கேட்டாக வேண்டும் என்பதும், மெய்யான வருமானம் பின்னர் கூடுதலாகத் தெரியவந்தால் மிகையாகப் பெற்றதைத் திருப்பித்தர வேண்டும் என்பதும் இதனோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை.

தமிழ்க் குடும்பங்கள் எதிர்பாராமல் சிக்கிக்கொள்ளும் இடம், படிவத்தில் மாணவரின் சொத்தைப் பற்றிய பகுதியாகும். பெற்றோரின் சொத்து எவ்வளவு என்று இச்சட்டம் பார்ப்பதில்லை. மாணவரின் பெயரிலுள்ள சொத்தையே பார்க்கும். முப்பது வயதுக்குட்பட்டவருக்கு 15,000 யூரோவும், முப்பதைத் தாண்டியவருக்கு 45,000 யூரோவும் விலக்கு. அதற்குமேல் உள்ளது விண்ணப்ப நாளன்று இருந்தபடி கணக்கில் சேர்க்கப்பட்டு உதவியைக் குறைக்கும். தமிழ் வாழ்வில் பிள்ளையின் பெயரில் இருப்பது எல்லாம் பிள்ளையுடையது அன்று. பூப்பு நீராட்டு விழாவில் சேர்ந்த பணம், சீட்டு எடுத்த தொகை, நாளைய திருமணத்திற்காகத் தாய் சேமித்தது ஆகிய யாவும் மகள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் கிடக்கும். அவளுக்கோ அக்கணக்கின் இருப்புகூடத் தெரியாது. ஆனால் அதன் வட்டிக்கு வரிவிலக்குக் கோரி வங்கியில் கொடுத்த அறிவிப்பு மத்திய வரி அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். அப்பதிவுகளோடு உதவி பெறுவோரின் பெயர்களை அரசு ஒப்பிட்டுப் பார்க்கும். மறைத்ததாகத் தெரிந்தால் பெற்ற தொகையைத் திரும்பக் கேட்பதோடு, அபராதமோ மோசடி வழக்கோ தொடரவும் இடமுண்டு. அப்பணம் உண்மையில் பெற்றோருடையது, பிள்ளை அதைப் பொறுப்பில் மட்டும் வைத்திருந்தார் என்ற வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. எனினும் அதை நம்பத்தக்க சான்றுகளால் நிறுவும் சுமை மாணவர்மேல் விழுகிறது. கடைசி வாரத்தில் பணத்தை அப்பாவின் கணக்கிற்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை அதைவிடத் தீங்கானது. ஈடாக எதுவும் பெறாமல் விண்ணப்பத்தை ஒட்டிச் செய்யப்படும் அத்தகைய மாற்றத்தை அலுவலகம் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகக் கருதி, அப்பணம் இன்னும் மாணவரிடமே இருப்பதாகக் கணக்கிடும்.

காணியின் நிலையும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தில் தேசவழமை மரபின்படி பேத்தியின் பெயரில் பாட்டனார் எழுதிவைத்த வளவு, அவள் பார்த்திராத நிலமாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவளது சொத்து. சொத்து உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அறிவித்தாக வேண்டும். அந்நிலம் படையினரின் பிடியில் உள்ளதாலோ உரித்து வழக்கில் சிக்கியிருப்பதாலோ விற்க இயலாதது என்றால், அதை ஆவணங்களோடு விளக்கி விலக்குக் கேட்கச் சட்டமே வழிவைத்திருக்கிறது. மறைக்கப்பட்ட காணி பின்னாளில் வெளிப்படும்போது அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால், எழுதத் தயங்கும் குடும்பத்தாரிடம் ஆலோசகர் இவ்விடத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். உதவுபவர் என்ற உரிமையில் உறவினர் சிலர், 'அதை எழுதாமல் விடு' என்று சொல்வது பரிவினால்தான். ஆயினும் அதன் விளைவைச் சுமப்பது படிவத்தில் கையொப்பமிட்ட இருபது வயதுப் பிள்ளை.

படிவம் 3 இல் கையொப்பமிட மறுக்கும் பெற்றோரும் உண்டு. தாம் விரும்பிய மருத்துவத்தையோ பொறியியலையோ விட்டுப் பிள்ளை வேறொன்றைத் தேர்ந்துகொண்டதனாலும், மகள் தன் விருப்பப்படி துணையைத் தேடிக்கொண்டு வீட்டைவிட்டுச் சென்றதனாலும் எழும் பிளவுகள் இப்படிவத்தில் வந்து நிற்கின்றன. அந்நிலையில் 'படிவம் 8' இன் வழியாக முன்பணம் கோரலாம்: பெற்றோர் தர வேண்டிய பங்கை அரசு தானே மாணவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனைப் பெற்றோரிடம் கேட்டுப் பெறும். சட்டத்தின் துணை உறுதியானது. ஆனால் தந்தையின் பெயருக்கு அரசுக் கடிதம் போய்ச்சேரும் நாள் அக்குடும்பத்தில் ஆறாத காயமாகலாம் என்பதையும் மாணவருக்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை. இக்கட்டுரையாளரின் கணிப்பில், அக்கடிதம் புறப்படுமுன் அம்மாவிடமோ மாமாவிடமோ ஒருமுறை பேசிப்பார்ப்பது பல வீடுகளைக் காத்திருக்கிறது. பேச்சு பயனளிக்காதபோது படிவம் 8 ஐத் தள்ளிப்போடுவது மாணவரின் படிப்பையே பலிகொடுப்பதாகும்.

இதனினும் கனமான நிலை ஒன்றுண்டு. போரின் முடிவில் 2009 இல் காணாமற்போன தந்தையின் வருமானத்தை எழுதக் கேட்கும் கட்டத்தின்முன் மகன் என்ன செய்வான்? பெற்றோர் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, அவர்கள் ஜெர்மனியில் உள்ள பிள்ளையைப் பராமரிக்கச் சட்டத்தாலோ சூழ்நிலையாலோ தடுக்கப்பட்டிருந்தாலோ அவர்களின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று அச்சட்டத்தின் 11 ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. இறப்புச் சான்றிதழ் பெற மனம் ஒப்பாத குடும்பத்தை அதற்காக வற்புறுத்தத் தேவையில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் விண்ணப்பம், காணாமற்போனோர் குறித்த முறைப்பாட்டின் படி போன்றவற்றை இணைத்து விளக்கக் கடிதம் எழுதலாம்.

உரிமை யாருக்கு என்ற வினாவும் தமிழரிடையே ஒரே விடையைக் கொண்டதன்று. ஜெர்மன் குடியுரிமை, நிரந்தர வதிவிட அனுமதி, அகதித் தகுதி ஆகியவற்றுள் ஒன்றைப் பெற்றவருக்குத் தடையில்லை. 'டுல்டுங்' எனப்படும், நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் சான்றோடு வாழ்பவர் முன்பு நான்காண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 முதல் அது 15 மாதமாகக் குறைக்கப்பட்டது. மாறாக, சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மாணவர் விசாவில் ஆகனுக்கும் மியூனிக்கிற்கும் வருவோருக்குப் பாஃபெக் பொதுவாகக் கிடைப்பதில்லை. அவர்கள் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று சொல்லும் முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்னதாக வைப்பிட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்த அத்தொகை, பாஃபெக்கின் உச்ச அளவான 992 யூரோவின் பன்னிரண்டு மடங்கே. உதவிக்கு உரிமையில்லாதவரையும் அதே சட்டத்தின் அளவுகோல்தான் அளக்கிறது. எனினும், படிப்புத் தொடங்குவதற்கு முந்திய ஆறாண்டுகளில் மொத்தம் மூன்றாண்டுகள் தாயோ தந்தையோ ஜெர்மனியில் தங்கிச் சட்டப்படி வேலை செய்திருந்தால் பிள்ளைக்கு உரிமை உண்டு என்னும் விதி, தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பொருந்தும். அவர்களுள் இதனை அறிந்தோர் சிலரே.

விண்ணப்பத்தில் பொறுத்துக்கொள்ளப்படாத ஒன்று காலதாமதம். படிப்பு தொடங்கிய மாதத்திலிருந்து உதவி பெற, அம்மாதத்திற்குள் விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்திருக்க வேண்டும். அக்டோபரில் வகுப்பு தொடங்க, நவம்பரில் விண்ணப்பித்தவருக்கு அக்டோபர்ப் பணம் என்றைக்கும் கிடைக்காது. ஆனால் முழு விண்ணப்பமும் உடனே வேண்டும் என்பதில்லை. பெயர், பிறந்த நாள், படிப்பு, 'உதவி கோருகிறேன்' என்ற ஒரு வாக்கியம், கையொப்பம் ஆகியவை கொண்ட ஒரு தாள் மாத இறுதிக்குள் மாணவர் நலக் கழகத்தின் உதவி அலுவலகத்தைச் சேர்ந்தால் அம்மாதம் காக்கப்படும். வரிக் கடிதமும் பெற்றோர் படிவங்களும் பின்னர் போகலாம். அப்பாவின் வரிக் கடிதம் வரட்டும் என்று காத்திருந்து இரண்டு மூன்று மாத உதவியை இழந்த குடும்பங்கள் தமிழரிடையே எண்ணற்றவை. ஓர் ஒற்றைத் தாள் அதைத் தடுத்திருக்கும். முதல் விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த பின்னும் அலுவலகம் ஆறு வாரத்தில் முடிவெடுக்க இயலாமலோ பத்து வாரத்தில் பணம் தர இயலாமலோ போனால், எதிர்பார்க்கப்படும் தேவையில் ஐந்தில் நான்கு பங்கை முற்பணமாகக் கேட்கும் உரிமையும் உண்டு. உதவிக்காலம் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் என்பதால், அது முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்த விண்ணப்பத்தை அனுப்பினால் இடைவெளி விழாது. நான்காம் பருவத்தின் முடிவில் படிப்பு உரிய அளவு முன்னேறியிருப்பதைப் பல்கலைக்கழகம் 'படிவம் 5' இல் சான்றளிக்க வேண்டும். துறை மாற விரும்புவோர் ஐந்தாம் பருவம் தொடங்குமுன் தக்க காரணத்தோடு மாற வேண்டும். பிடிக்காத பொறியியலில் பெற்றோருக்காக ஆறு பருவம் இழுத்தடித்த பிள்ளைக்கு அதன்பின் புதிய படிப்பிற்கு உதவி கிடைப்பது மிக அரிது.

இவ்வுதவி போதுமானதா என்றால், இல்லை. 380 யூரோவுக்கு மியூனிக்கில் அறை கிடைக்காது என்பதை அங்கு படிக்கும் எவரும் அறிவர். பல்கலைக்கழகப் படிப்புக்காக அரசிடம் குறிப்பிட்ட உதவியைக் கோரும் உரிமையை அரசியலமைப்பு தனிமனிதருக்கு வழங்கவில்லை என்று கார்ல்ஸ்ரூவிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 செப்டம்பரில் முடிவு செய்ததால், அளவை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. இடைவெளியை நிரப்ப மாணவர்கள் வார இறுதியில் வேலை செய்கின்றனர். சிறுபணி என்ற வரையறைக்குள் அடங்கும் சம்பளம் உதவியைக் குறைக்காது.

பட்டம் பெற்றபின் கோப்பு கொலோனிலுள்ள கூட்டாட்சி நிர்வாக அலுவலகத்திற்குச் செல்கிறது. உதவிக்குரிய உச்சக் காலம் முடிந்து ஐந்தாண்டுகள் கழித்தே தவணை தொடங்கும் என்பதால், அதற்குச் சற்று முன்பாக, எவ்வளவு கடன், எந்நாளில் முதல் தவணை என்பதை நிறுவும் முடிவுக் கடிதம் வரும். இதற்குள் வேலை, திருமணம், வேறு நகரம் என்று பிள்ளைகள் இடம்மாறிவிடுவதால் கடிதம் பழைய முகவரிக்குப் போவது வழக்கம். முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காதவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவாக 25 யூரோ வசூலிக்கப்படும். பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு: அக்கடிதத்திலுள்ள தொகை தவறாக இருந்தால் ஒரு மாதத்திற்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும், தவறினால் அத்தொகையே உறுதியாகிவிடும். கையில் சேமிப்பு உள்ளவர் முழுவதையும் ஒரே முறையில் செலுத்தினால் அதிகபட்சம் 21 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. வருமானம் குறைந்தவர், குழந்தை வளர்க்கும் தாய் போன்றோர் தவணை விலக்குக் கோரலாம். கடமைகளை ஒழுங்காக நிறைவேற்றியும் இருபதாண்டுகளுக்குப் பின் எஞ்சும் கடன் தள்ளுபடியாகும். ஆகவே உதவி முடிவானதாக அறிவித்து ஆண்டுதோறும் வந்த கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருந்து, கொலோன் கடிதம் வந்த வாரத்திலேயே அதன் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு, படிப்பின் முதல் பருவத்திலேயே மாணவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.